வீட்டில் இருமுவது யார்?

மார்புநோய்க் கிளினிக்குக்குக் கைக்குழந்தை வந்தால், என் விசாரணை பெரியவர்களிடம்தான் தொடங்கும். "வீட்டில ஆருக்கும் இருமல் இருக்கோ, தங்கச்சி?" பாலூட்டும் தாய், அம்மம்மா, கொழும்பில் கட்டட வேலைக்குப் போய்வரும் தகப்பன், பெரும்பாலும் இப்படி வீட்டிலுள்ள ஒருவரிடமிருந்துதான் பிள்ளைக்குச் சயம் தொற்றியிருக்கும். "அப்பப்பாவுக்குச் சுருட்டு இருமல், பழசு" என்பார்கள். அந்தப் பழைய இருமலின் சளிதான் எனக்கு முதலில் வேண்டும்.

பிள்ளைக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் விடியப்புறம், முதற்பாலுக்கு முன், மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பை நீரை எடுக்கிறோம். பாலுக்குக் கதறும் பிள்ளையை இறுக்கிப் பிடித்திருக்கும் தாயின் முகத்தைப் பார்க்க முடியாது. இப்போது மலத்தில் சயக் கிருமியைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் சோதனையையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருப்பது பெரிய ஆறுதல்.

சயத் தொற்றை அறியத் தோலில் போடும் மன்டூ ஊசியை 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் பார்க்க வேண்டும். சிவப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. விரல் நுனியால் தடவி, தடிப்பின் ஓரத்தைப் பேனையால் குறித்து, பிறகு அடிமட்டம். தொற்று என்று கொள்ள வழக்கமாக 10 மில்லிமீற்றர் வேண்டும், எச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்கு 5 போதும். எதிர்ப்புச் சக்தி நன்றாகக் குறைந்திருந்தால் தடிப்பே எழும்பாமல் போகலாம். அதை வைத்துச் சயம் இல்லை என்று எழுதிவிட்டால் பிள்ளை போய்விடும். கிளினிக் கொப்பியில் ஏறாமல் படுத்துக் கிடக்கும் நிறைக்கோட்டை நான் அதைவிட நம்புவேன்.

எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகள் இங்கே மிக அரிது. தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடென்று 2019இல் இலங்கைக்குச் சான்று கிடைத்தது. கர்ப்பிணிகளைத் தேடித்தேடி இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிய மருத்துவிச்சிமாருக்கு அதில் பெரிய பங்கு. ஆனால் அரிதானதைத்தான் கேட்க மறப்போம். தென்னாபிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில் செய்த ஆய்வொன்று 2009இல் வெளியானது: எச்.ஐ.வி. தொற்றிய குழந்தைகளுக்குச் சயம் வரும் வீதம் மற்றக் குழந்தைகளைவிட 24 மடங்கு. அதனால் சயம் கண்டால் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்தாக வேண்டும். "எங்கட குடும்பத்தில அப்பிடியொண்டுமில்லை" என்று முகம் சிவக்கும். எல்லாருக்கும் செய்வதுதான் என்று சொல்லிச் சொல்லியே சம்மதம் வாங்க வேண்டும். 18 மாதத்துக்குள் சாதாரண பரிசோதனையில் தாயின் பிறபொருளெதிரியே தெரியலாம், பிள்ளைக்கு பி.சி.ஆர். வேண்டும்.

வருத்தமில்லாத பிள்ளைக்கு ஏன் ஆறு மாதம் ஐசோனியசிட் என்று கேட்பவர்களும் உண்டு. சயம் உள்ளவரோடு ஒரே வீட்டில் கிடக்கும் பிள்ளைக்கு அதுதான் காவல். நிறை கூடக்கூட மருந்தின் அளவும் கூட வேண்டும். மாதாமாதம் நிறுக்கக் கொண்டு வாருங்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமுகிறவர் ஆராயிருந்தாலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மார்புநோய்க் கிளினிக்குகளில் சளி கொடுக்கலாம். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.