கழிக்கு எட்டாத ஆழம்: பழவேற்காட்டுச் சேற்றுக்குள் என்ன இருக்கிறது?

பழவேற்காடு ஏரியில் பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான். அங்கே கழியை ஊன்றித்தான் படகைத் தள்ளுகிறார்கள். கழி சட்டென்று நின்றால் மணல். வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினால் சேறு. கரகரத்தால் கிளிஞ்சல். வலைக்கம்பு எங்கே நிற்கும், எங்கே சாயும் என்பதெல்லாம் மீனவர்களுக்குக் கை வழியாக வந்த பாடம்.

ஆனால், கழி சொல்வது மேலே ஓரிரு அடிச் சேதிதான். அதற்குக் கீழே?

அடைபடும் வாசல்

சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆரணி ஆறும் காளங்கியும் உள்ளே வண்டலைக் கொண்டுவருகின்றன. வெளியே, அலைகள் கரையோரமாக மணலைத் தள்ளிவந்து முகத்துவாரத்தை அடைக்கின்றன. அடைபட்டால் படகு கடலுக்குப் போக முடியாது. கடலில் பிறக்கும் இறால் குஞ்சு, ஏரிக்குள் வந்து வளர முடியாது. குப்பங்களில் அடுப்பு எரிவது அந்த வாசலை நம்பித்தான்.

அதனால்தான் முகத்துவாரத்தின் இருபுறமும் நேர்கல் சுவர் எழுப்பி, அதை நிரந்தரமாகத் திறந்துவைக்க வேண்டும் என்று மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டார்கள். தமிழக அரசும் 26.85 கோடி ரூபாயில் திட்டம் வகுத்தது.

இப்படிப்பட்ட சுவருக்கு முதல் கேள்வி, 'எவ்வளவு கல் வேண்டும்?' என்பதல்ல. 'அந்தக் கல்லைத் தாங்கும் மண் கீழே இருக்கிறதா?' என்பதுதான். மேலே கெட்டியான மணல் தெரியும். அதற்கடியில் மெல்லிய களிமண் அடுக்கு ஒன்று ஒளிந்திருந்தால் போதும், பாரம் ஏற ஏற சுவர் அமுங்கும் அல்லது சரியும்.

டச்சுக்காரர்களின் கூம்பு

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. கூம்பு ஊடுருவல் சோதனை. இதைத் தந்தவர்கள், 1613-ல் பழவேற்காட்டில் 'கெல்ட்ரியா' கோட்டையைக் கட்டிய அதே டச்சுக்காரர்களின் நாட்டினர். சேற்று நிலத்திலேயே வாழ்ந்த அந்த நாட்டில், 1932-ல் பீட்டர் பாரென்ட்சன் என்ற பொறியாளர், எரிவாயுக் குழாய்க்குள் ஒரு கம்பியைச் செருகி, நுனியில் கூம்பை வைத்துக் கையாலேயே மண்ணுக்குள் அழுத்திப் பார்த்தார்.

இன்று அதை இயந்திரம் அழுத்துகிறது. சுமார் 3.6 செ.மீ. குறுக்களவுள்ள எஃகுக் கூம்பு, விநாடிக்கு 2 செ.மீ. வேகத்தில் இறங்கும். உள்ளே இருக்கும் சென்சார்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்கும். நுனியை மண் எவ்வளவு எதிர்க்கிறது? பக்கவாட்டில் எவ்வளவு உரசுகிறது? மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறது?

மணல் நுனியை பலமாக எதிர்க்கும். அதோடு ஒப்பிட்டால் உரசல் குறைவு. களிமண் நுனிக்குச் சட்டென்று வழிவிடும். ஆனால், பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். மணலில் தண்ணீர் உடனே விலகிவிடும். களிமண்ணில் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும். கூம்பை அங்கேயே நிறுத்திவைத்து, அந்த அழுத்தம் வடிய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தால், மேலே பாரம் வைக்கும்போது அந்த மண் எத்தனை வேகத்தில் அமுங்கும் என்பதையும் கணிக்கலாம். கழிமுகம் என்பது வெள்ளக் காலத்து மணலும் அமைதிக் காலத்துச் சேறும் மாறி மாறிப் படிந்த இடம். சில செ.மீ. இடைவெளியில் அளக்கும் கூம்புக்கு அந்த அடுக்குகள் தெரிந்துவிடும்.

இரண்டு அறிவும் வேண்டும்

கூம்புக்கும் எல்லை உண்டு. அது மண்ணைக் கையில் எடுத்துத் தராது. துளையிட்டு மாதிரி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எந்த மாதத்தில் மணல் சேரும், எந்தப் பக்கம் நீரோட்டம் திரும்பும் என்றும் அது சொல்லாது. அது, 'பாடு' முறையில் ஏரியைப் பங்கிட்டு, முறைவைத்து மீன்பிடிக்கும் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

சுவர் நின்றாலும் சரிந்தாலும், அதன் பலனோடு வாழப்போவது அவர்கள்தான். ஆகவே, இதுபோன்ற சோதனைகளின் முடிவு அலுவலகக் கோப்போடு நின்றுவிடக் கூடாது. அந்த வரைபடத்தைக் குப்பத்துப் பஞ்சாயத்தில் விரித்துவைத்து, எளிய தமிழில் விளக்கலாம். கழி பிடித்த கைகளுக்கு, அதைப் புரிந்துகொள்ள அதிக நேரமாகாது.