கண்ணியும் கட்டமும்

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலைகளின் கரைக்கும் உடலுக்கும் நெசவாளர்கள் இட்டு வழங்கும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தால் ஒரு வீட்டையும் தெருவையும் சுற்றி வந்தது போலிருக்கும். ருத்ராட்சம், மல்லிமொக்கு, தாழம்பூ, மாங்காய், மயில்கண், வங்கி, கோபுரம், முத்துக்கட்டம். யாளியையும் இருதலைப் பட்சியையும் நீக்கிவிட்டால், வாசலுக்கு வந்து நின்றவர் கண்ணில் படக்கூடியவையே மிகுதி. வங்கி என்பது மேற்கையில் அணியும் நகை. அதன் நடுவே ஏறி இறங்கும் கோணம்தான் சேலையின் உடலில் நெளிநெளியாக ஓடுகிறது. பெயர் வைத்தவர் எவரும் ஓவியக் கல்லூரி வாசலை மிதித்தவரில்லை. கண்டார், எண்ணினார், இழையில் இட்டார்.

துணிக்கலை பயிலும் எங்களுக்கு முதல் பருவத்திலேயே இடப்பட்ட பணி ஒன்று உண்டு. நாள்தோறும் கண்ணில் பட்ட ஒரு பொருளை ஏட்டில் வரைய வேண்டும். கோயில் சிற்பம் கூடாது, அருங்காட்சியகம் கூடாது, புத்தகத்தில் இருக்கும் எதுவும் கூடாது. இந்த மூன்றும் இல்லையென்றால் சென்னையில் வரைவதற்கு என்ன இருக்கிறது என்று முதல் வாரத்தில் நாங்கள் நால்வருமே முணுமுணுத்தோம். பிறகு புறநகர் ரயிலில் எதிர் இருக்கைப் பெண்மணியின் மடியில் ஒரு வயர் கூடையைப் பார்த்தோம்.

வயர் கூடையை நம்மில் பலர் கைவினை என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பிளாஸ்டிக் என்ற சொல் அந்த மரியாதையைப் பறித்துவிடுகிறது. ஆனால் அதைப் பின்னுகிறவர்களிடம் சிவன் கண், நெல்லிக்காய் என்று முடிச்சுகளுக்குப் பெயர்கள் இருக்கின்றன. பட்டுத் தறியில் கேட்ட அதே வகைப் பெயர்கள்! நெல்லிக்காய் முடிச்சில் கூடையின் பரப்பு உருண்டு உருண்டு புடைத்து நிற்கும். நிறமோ கடையில் அன்றைக்குக் கிடைத்த வயரைப் பொறுத்தது. எங்கள் வகுப்பறையில் நிறச் சக்கரத்தை வைத்து மூன்று வாரம் விளக்கிய எதிர்நிறப் பொருத்தத்தைக் கிளிப்பச்சையும் அரக்குச் சிவப்புமான அந்தக் கூடை ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடையில் விளக்கிவிட்டது.

அதன்பின் ஏடு நிரம்பத் தொடங்கியது. சாத்திய கடைகளின் இரும்புச் சுருள் கதவுகள், கோயம்பேட்டில் அடுக்கிய முட்டைக்கோஸ் மூட்டைகளின் வலைப்பை, மொட்டைமாடிக் கொடியில் உலரும் லுங்கிகளின் கட்டங்கள். இந்த நகரத்தில் துணியைத் தேடுவது ஒருவகையில் மிகையான வேலை. 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் நூற்பவர்களையும் நெய்பவர்களையும் குடியேற்றுவதற்காகவே உருவாக்கிய ஊர்தான் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பதே அப்படித் திரிந்தது என்பார்கள். ஏற்றுமதித் துணியை வெளுத்தவர்கள் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. பேருந்தின் பெயர்ப்பலகையே நமக்கு நெசவு வரலாற்றைச் சொல்லிவிடுகிறது.

கோலத்தைப் பற்றி எழுதாமல் இதைக் கடக்க முடியாது. ஆனால் கோலத்தைப் பற்றி ஏற்கெனவே அதிகம் எழுதியாகிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. தறிக்கான வரைபடத் தாளில் நாங்கள் தடுமாறிய காரியத்தைப் புள்ளிக் கோலம் போடும் பாட்டிமார் நின்ற நிலையில் குனிந்தே செய்துவிடுகிறார்கள். புள்ளிகளை முதலில் எண்ணி வைத்துவிட்டு, கோடு அவற்றுக்கு அடங்கிச் செல்லுமாறு பார்த்துக்கொள்வது. கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974இல் கோலங்களைக் கணினி இலக்கண விதிகளாக எழுதிக்காட்டிய கட்டுரை உலகெங்கும் படிக்கப்பட்டது. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பது எங்கள் கருத்து. விதி முன்பே வாசலில் இருந்தது.

கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் போதாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். எடுக்கிறோம். ஆயிரக்கணக்கில் சேர்ந்து கிடக்கின்றன. ஆனால் படத்துக்கு எண்ணிக்கை தெரியாது. ஒரு பாயில் எத்தனை கோரைக்கு ஒருமுறை நிறம் மாறுகிறது என்பது வரைகிற கைக்குத்தான் தெரியவரும். 'கண் பார்த்தால் கை செய்யும்' என்ற பழமொழியை எங்களுக்குச் சொல்லாத பெரியவர்கள் இல்லை. எங்கள் அனுபவத்தில் அது தலைகீழாகவும் உண்மை. கை செய்த பிறகே பல சமயம் கண் பார்க்கிறது.

வில்லியம் மாரிஸின் ஸ்ட்ராபெர்ரி திருடன் என்ற புகழ்பெற்ற அச்சுத்துணி (1883) கெல்ம்ஸ்காட் வீட்டுத் தோட்டத்தில் பழங்களைக் கொத்திச் சென்ற குருவிகளிலிருந்து வந்தது. அவர் பார்த்தது தம்முடைய தோட்டம், தம்முடைய பழம். எங்கள் ஏட்டில் இருப்பவையோ பெரும்பாலும் பிறருடைய பொருள்கள். பிறர் வாசல், பிறர் கூடை, சில சமயம் பிறர் துன்பம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பின் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்க் கழிவு பரவியது. படகுகளிலும் வலைகளிலும் அலையாத்திச் செடிகளிலும் கரையோர வீட்டுச் சுவர்களிலும் கறுப்பு ஏறியது. அடுத்த மாதம் நாங்கள் அங்கே சென்றோம். எண்ணெய் படிந்த வலைகள் கரையில் குவிந்து கிடந்தன. உண்மையைச் சொன்னால், அவை அழகாக இருந்தன. அடியில் அடர்ந்த கறுப்பு, மேலே ஏற ஏறப் பழுப்பாகி, உச்சியில் பழைய நைலான் நீலம். சாயத் தொட்டியில் நூற்கழியைப் பாதி தோய்த்துப் படிப்படியாகத் தூக்கி எடுத்தால் வரும் நிறத்தேய்வு அப்படியே அங்கிருந்தது. எங்களில் ஒருத்தி ஏட்டைத் திறந்தாள். இன்னொருவன் திறக்க மறுத்தான். பிழைப்பு கெட்டுக் கிடக்கிற இடத்தில் நிறம் பார்க்கலாமா என்ற வழக்கை மணலிலேயே அமர்ந்து பேசினோம். வழக்குத் தீரவில்லை. பத்திரிகைக்காரர் படம் எடுக்கலாம், ஏனென்றால் அது செய்தி. ஓவியர் வரையலாம், அது சாட்சி. ஆனால் துணி? அதை ஒருவர் காசு கொடுத்து வாங்கி உடம்பில் சுற்றிக்கொண்டு விருந்துக்குப் போவார். அந்த வேறுபாடு சிறியதில்லை.

வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"இன்னா பாப்பா, வலையவா வரையிற?"

"ஆமாம்மா. வரையலாமா?"

"வரைஞ்சிக்கோ. ஆனா இத்த வரையாத. இது போச்சு. இங்க வா, நல்லத காட்றேன்."

குடிசைக்குள்ளிருந்து எண்ணெய் படாத ஒரு வலையை எடுத்து வந்தார். ஒரு கண்ணிக்குள் எத்தனை விரல் நுழையும் என்பதை வைத்து எந்த மீனுக்கு எந்த வலை என்று சொன்னார். முடிச்சை மெல்லப் போட்டு, அவிழ்த்து, மறுபடியும் போட்டுக் காட்டினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஓட்டைகளை. அவர் பேசிக்கொண்டிருந்தது முடிச்சுகளைப் பற்றி. எவ்வளவு சிறிய கண்ணி என்றால் எவ்வளவு நேரம், எவ்வளவு நூல், எவ்வளவு கடன் என்பதெல்லாம் அந்தப் பேச்சுக்குள் இருந்தன. திறக்க மறுத்தவனும் ஏட்டைத் திறந்தான்.

இரண்டு வலைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வரைந்து வந்தோம். போன வலையை வரைய வேண்டாம் என்று அவர் சொன்னதை மீறினோமா என்றால், புறப்படும் முன் அவரிடமே கேட்டோம். "சரி, ரெண்டையும் போடு, அப்பத்தான் தெரியும்" என்றார். என்ன தெரியும் என்று அவர் சொல்லவில்லை.

அதைத் தறியில் ஏற்றுவது தனிக் கதை. தறிக்கு வளைவு தெரியாது. வட்டம் வரைந்தால் படிக்கட்டாக இறங்கும். 240 கொக்கி உள்ள ஜக்கார்டில், கொக்கிக்கு ஓர் இழை என்று கட்டினால், திரும்பத் திரும்ப வரும் உருவம் 240 இழைக்குள் முடிந்தாக வேண்டும். நல்லவேளையாக வலைக்கண்ணி சாய்சதுரம், படிக்கட்டு அதற்குப் பொருந்தியது. முடிச்சு பொருந்தவில்லை. நிறத்தேய்வும் சிக்கலாக இருந்தது. இந்தக் கட்டத்தில் நெசவாளர் சேவை மையங்களை நினைத்துக்கொண்டோம். சிறுபத்திரிகை வாசகர்கள் கோட்டோவியங்களால் அறிந்திருக்கும் ஆதிமூலமும் மருதுவும் அங்கே பணியாற்றியவர்கள். தாளில் எதையும் வரையத் தெரிந்தவர்கள், இழையின் கட்டளைக்குள் எத்தனை ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறார்கள்!

எங்களுக்கு வழி சொன்னவர் காஞ்சிபுரத்தில் ஐம்பது வயது கடந்த ஒரு நெசவாளர். கழியைத் தோய்த்துத் தேய்வு காட்டுவதை விட, பாவு ஓட்டும்போதே இழைகளைக் கலந்துவிடலாம் என்றார். எட்டு நீலத்துக்கு ஒரு கறுப்பு, பிறகு நாலுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று, அப்புறம் முழுக் கறுப்பு. எட்ட நின்றால் கண் அதைத் தேய்வாகக் கூட்டிக்கொள்ளும். முடிச்சுக்குக் கூடுதல் ஊடை இழை ஒன்றைச் சாய்சதுரத்தின் மூலைகளில் மட்டும் புட்டா போல் போட்டார். பருத்திதான், மூன்று முழம்.

முழுக் கறுப்பு வரும் இடத்தில் மட்டும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. தறியில் வெறும் கறுப்பு ஓட்டுவதில்லை என்றார். நாங்கள் எண்ணூர்க் கதையைச் சொன்னோம். கேட்டுவிட்டு, கரையோரம் ஓர் இழை மஞ்சள் விட்டுக்கொள்ளட்டுமா என்று எங்களைக் கேட்டார். வரைபடத்தில் மஞ்சள் இல்லை. விட்டுக்கொள்ளுங்கள் என்றோம்.

இறக்கிய பிறகு துண்டின் மூலையில் சீட்டுக் கட்டுவதற்காக, இந்த டிசைனுக்கு என்ன பெயர் என்று கேட்டார். இன்னும் வைக்கவில்லை. அடுத்த வாரம் துண்டை எடுத்துக்கொண்டு எண்ணூருக்குப் போகிறோம்.