அலமாரியில் நின்ற துப்பாக்கி

டோக்கியோவில் மகன் வீட்டுக்குப் போய் இறங்கிய மறுநாளே, துணி மடித்து வைக்கலாம் என்று என் மனைவி அவன் அலமாரியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஏகே-47 ஒன்று சாய்ந்து நின்றது.

"விளையாட்டுச் சாமான்மா. பிளாஸ்டிக் உருண்டைதான் சுடும்" என்று சிரித்தான் மகன். அவள் சிரிக்கவில்லை. இரவு என்னிடம், "நீங்க பேசி அதை வித்துரச் சொல்லுங்க" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நல்ல கனம். உடம்புப் பகுதியை உலோகத்தில் மாற்றியிருந்தான். தோளில் அழுத்தும் பின்கட்டை மட்டும் மரம் போல நிறம் கொடுத்த பிளாஸ்டிக். நாகர்கோவிலில் முப்பது வருஷம் மர ஆசாரியாக இருந்தவன் நான். விரலால் தட்டினாலே தெரிந்துவிடும்.

"இதுக்கு நிஜ மரம் போடணும்பா. சனிக்கிழமை வாங்கப் போறேன், வர்றீங்களா?" என்றான். விற்கச் சொல்ல வேண்டியவன், "வாரேன் மக்கா" என்றேன்.

அவன் இருப்பது நிஷி கசாய். நம் நாட்டு ஐ.டி. பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கும் பகுதி. அங்கிருந்து டோசாய் லைனில் ஏறி, கயபாச்சோவில் ஹிபியா லைன் மாறினால் அகிஹாபாரா. போருக்குப் பிறகு ரேடியோ உதிரிப் பாகங்கள் விற்று வளர்ந்த கடைத்தெரு. இன்று பொம்மையும் கம்ப்யூட்டருமாக மின்னுகிறது. குறுகலான கட்டடத்தின் மாடியில் இருந்தது அந்தக் கடை. சுவர் முழுக்க அலுமினியக் கைப்பிடி, எஃகுக் குழல், பொடிப்பொடி திருகுகள். ஒரு மூலையில் வால்நட் மரக்கட்டைகள். எனக்குக் கண் அங்கேயே போயிற்று.

ஜப்பானில் சாதாரண மனிதர் கைத்துப்பாக்கி வைத்திருக்கவே முடியாது. 1958-லிருந்து அவ்வளவு கடுமையான சட்டம். இந்த 'ஏர்சாஃப்ட்' விளையாட்டு பிறந்ததும் அந்த ஊரில்தான். டோக்கியோ மருய் என்ற கம்பெனி 1991-ல் மின்சாரத் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. பேட்டரி மோட்டாரைச் சுற்றும், பல்சக்கரம் ஸ்பிரிங்கை இழுத்து விடும், அடைபட்ட காற்று 6 மில்லிமீட்டர் உருண்டையைத் தள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இதற்கும் கணக்கு உண்டு. 2006-ல் திருத்திய சட்டப்படி வேகத்தின் சக்தி 0.98 ஜூலைத் தாண்டக் கூடாது. 0.2 கிராம் உருண்டை என்றால் நொடிக்குச் சுமார் 99 மீட்டர். மரமும் இரும்பும் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், உள்ளே ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தைக் கூட்டினால் குற்றம். கைத்துப்பாக்கி வடிவத்தை உலோகத்தில் செய்தால் வெள்ளையோ மஞ்சளோ பூசி, குழலை அடைத்திருக்க வேண்டும். அதனால்தான் இரும்பு மாட்டும் ஆசைக்காரர்கள் நீளத் துப்பாக்கிக்குப் போகிறார்கள்.

வாங்கி வந்த கட்டையில் பேட்டரிக்குக் குழி கச்சிதமாக இருந்தது. ஆனால் உடம்புக்குள் நுழைய வேண்டிய முனைதான் நுழையவில்லை. மகன் அரத்தை எடுத்தான்.

"இப்பவே அராதே மக்கா. இது ஜூன் மாசம், மழை ஈரத்துல மரம் ஊதியிருக்கு. இப்போ சரியா அராவினா குளிர்காலத்துல சுருங்கி ஆடும்" என்றேன். ஒரு வாரம் ஏ.சி. அறையில் வைத்தோம்.

பிறகும் கொஞ்சம் இறுக்கம். எங்கே இடிக்கிறது என்று தெரிய இரும்பில் மை தடவ வேண்டும். மனைவியின் கண்மை டப்பாவைக் கேட்டேன். முறைத்துக்கொண்டே கொடுத்தாள். மை தடவி, கட்டையைத் தள்ளி எடுத்தால் கறுப்பு ஒட்டிய இடம்தான் இடிக்கும் இடம். அங்கே மட்டும் இரண்டு இழுப்பு. மறுபடி மை, மறுபடி அரம். பதினோராவது தடவையில் உள்ளே போய் உட்கார்ந்தது. உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெய் தேய்த்ததும் வால்நட்டின் ரேகை எழும்பி வந்தது.

"சின்னப் புள்ளைல உங்க உளியைத் தொட்டா அடிப்பீங்களேப்பா" என்றான் அவன். உண்மைதான். என் தொழில் என்னோடு போகட்டும், நீ படி என்று பட்டறைப் பக்கமே விடவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. "எண்ணெயை ரேகை போற பக்கமா தேய்" என்றேன்.

அடுத்த ஞாயிறு சிபா மாவட்டத்துக் காட்டு மைதானத்துக்கு மூவரும் போனோம். ரயிலில் துப்பாக்கி மூடிய பைக்குள்தான், வெளியே எடுக்கவே கூடாது. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு துப்பாக்கியையும் வேகம் அளந்து பார்த்தார்கள். கண்ணாடி இல்லாமல் உள்ளே விடவில்லை. உருண்டை பட்டால் நடுவர் சொல்ல மாட்டார், பட்டவரே கை தூக்கி 'ஹிட்' என்று சொல்லி வெளியேற வேண்டும்.

வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். ஒரு மரத்தின் பின்னால் பதுங்கியிருந்த மகன் திடீரென்று எழுந்து கை தூக்கினான். யார் சுட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. சுட்டவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

"பேசாம இருந்திருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

"இருந்திருக்கலாம்" என்றேன்.

ஊருக்குக் கிளம்பும் நாள் வரை விற்கிற பேச்சை அவள் எடுக்கவில்லை. புறப்படும்போது அந்தக் கண்மை டப்பாவைத் தேடினேன். அலமாரியில், மகனின் அரத்தின் பக்கத்தில் வைத்திருந்தாள்.