பதினோரு மடங்கு எதற்கு?

ஜூன் 4

பேட்டரியில் ஓடும் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வாதம் தவறாமல் கூடவே வரும்: இரைச்சல் குறைய வேண்டுமானால் மின்னோட்டத்தை வாரி இறைக்க வேண்டும், பேட்டரி நீடிக்க வேண்டுமானால் ‘ஸ்ஸ்’ என்ற சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது பாதி உண்மை. சாதாரண டிரான்சிஸ்டரின் இரைச்சல் மின்னழுத்தம், அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு மின்னோட்டம் கேட்கும் பேரம் அது. டிஎல்062, டிஎல்072 என்ற ஒரே குடும்பத்து ஆப்-ஆம்ப் (பெருக்கும் சிப்) இரண்டை எடுத்துக்கொண்டால் இது கண்கூடு. முன்னது ஒரு சேனலுக்கு 0.2 மில்லிஆம்பியர் எடுக்கிறது, பின்னது 1.4. ஏழு மடங்கு செலவு. ஆனால் இரைச்சல் 42 நானோவோல்ட்டிலிருந்து 18-க்குத்தான் இறங்குகிறது (ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில்). இரண்டரை மடங்குகூடத் தேறவில்லை. என் சந்தேகம் இதுதான்: இந்தப் பேரத்துக்குப் போவதற்கு முன்னால், பேட்டரியிலிருந்து ஒன்றுமே கேட்காத வழிகளை நாம் தீர்த்துவிட்டோமா?

ஜூன் 5

சந்தேகத்தைச் சோதிக்கத் தோதான சுற்று, சூ மோய் என்பவர் 1990களின் இறுதியில் வெளியிட்ட ‘சிமோய்’. பெப்பர்மின்ட் மிட்டாய் டப்பாவுக்குள் 9 வோல்ட் பேட்டரியோடு அடங்கிவிடும் என்பதால் உலகெங்கும் பொழுதுபோக்கு எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் கட்டிப் பார்த்தது. பரவலாகக் கட்டப்பட்ட வடிவத்தில் 10 கிலோஓம், 1 கிலோஓம் என இரண்டு பின்னூட்ட ரெசிஸ்டர்கள் பெருக்கத்தை 11 மடங்காக்குகின்றன. அதில் ஓபிஏ2134 ஆப்-ஆம்பையும் 10 கிலோஓம் வால்யூம் கன்ட்ரோலையும் பொருத்திக் கணக்குப் போடலாம். 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஆப்-ஆம்பின் இரைச்சல் 1.13 மைக்ரோவோல்ட். வால்யூம் கன்ட்ரோல் சிக்னலைப் பாதியாக்கும் நிலையில் 2.5 கிலோஓம் மின்தடையாகத் தெரியும். அதன் வெப்ப இரைச்சல் 0.91. பின்னூட்ட ரெசிஸ்டர்களுடையது 0.55. இரைச்சல்கள் நேராகக் கூடுவதில்லை. வர்க்கங்களாகக் கூடி மூலமாக வெளிவருகின்றன. மொத்தம் 1.55, பதினோரு மடங்காகி ஹெட்ஃபோனுக்குப் போவது 17 மைக்ரோவோல்ட். 16 ஓம் மின்தடையும் ஒரு மில்லிவாட்டுக்கு 115 டெசிபெல் உணர்திறனும் உள்ள இயர்ஃபோனில் இது ஏறக்குறைய 38 டெசிபெல். அமைதியான அறையில் நன்றாகவே கேட்கும்.

இப்போது எவ்வளவு பணமும் மின்னோட்டமும் செலவானாலும் சரி என்று, இரைச்சலே இல்லாத ஒரு கற்பனை ஆப்-ஆம்பைச் செருகுவோம். 17 என்பது 11.7 ஆகும். மூன்று டெசிபெல் சொச்சம்தான் லாபம்; மீதி ரெசிஸ்டர்களின் சத்தம், அதை எந்தச் சிப்பும் அழிக்காது. அதற்குப் பதிலாகப் பழைய ஆப்-ஆம்பையே வைத்துக்கொண்டு, ஒரு சேனலுக்கு ஒரே ஒரு ரெசிஸ்டரை மாற்றிப் பெருக்கத்தை மூன்றாக்கினால் 4.6 மைக்ரோவோல்ட். பதினோரு டெசிபெல்லுக்கு மேல் குறைகிறது, பேட்டரிக்கு விஷயமே தெரியாது. இன்னும் வேடிக்கை: அதே மூன்று மடங்கில் கஞ்ச டிஎல்062-ஐப் போட்டால் 18 மைக்ரோவோல்ட். அதாவது இருபதில் ஒரு பங்கு மின்னோட்டம் எடுக்கும் சிப், பதினோரு மடங்கில் ஓடும் ஓபிஏ2134-க்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்து நிற்கிறது. டிஎல்062 தனியாக 16 ஓமை ஓட்டாது என்பது தெரியும்; பின்னால் ஒரு பஃபர் வேண்டும். ஆனால் அது இரைச்சல் பிரச்சினை அல்ல. ஆப்-ஆம்பை மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பதைப் பொழுதுபோக்காகவே வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறையாவது போட்டுப் பார்க்கலாம்.

ஜூன் 8

முதல் ஆட்சேபம் நியாயமானது: 300 ஓம் ஹெட்ஃபோன்களுக்கு மின்னழுத்தம் அதிகம் வேண்டாமா? வேண்டும். ஆனால் அதைத் தருவது பெருக்கம் அல்ல, பேட்டரி. 9 வோல்ட்டை நடுவில் பிளந்தால் மேலும் கீழும் 4.5, ஆப்-ஆம்ப் இருபுறமும் ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடுவதால் வெளியே வரக்கூடியது ஏறக்குறைய 2.2 வோல்ட் ஆர்எம்எஸ். அப்படியானால் 0.2 வோல்ட் உள்ளே வந்தாலே பதினோரு மடங்கு கூரையில் முட்டும். ஒரு வோல்ட் தரும் பிளேயருக்கு இரண்டு மடங்கே அதிகபட்சம். எஞ்சிய பெருக்கத்தை வால்யூம் கன்ட்ரோலில் கொன்றுவிட்டு, அது பெருக்கிய இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சிக்னல் மிகக் குறைவாகத் தரும் பழைய கருவிகள் இருக்கின்றன என்றால், அதற்கு ஒரு சுவிட்ச் போதும்.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் ஆழமானது: மின்னோட்டத்தைக் குறைத்தால் சத்தமாகக் கேட்கும்போது ஆம்ப்ளிஃபையர் தடுமாறும், ஒலி திரியும். இங்கே இரண்டு செலவுகளை ஒன்றாக முடிச்சுப் போடுகிறோம். அதே இயர்ஃபோனில் 85 டெசிபெல்லுக்குத் தேவை ஒரு மைக்ரோவாட்; 4 மில்லிவோல்ட், கால் மில்லிஆம்பியர். ஓபிஏ2134 சும்மா இருப்பதற்கே இரு சேனலுக்கும் சேர்த்து 8 மில்லிஆம்பியர் எடுக்கிறது. பேட்டரியைப் பிளக்கும் இரண்டு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர்கள் இன்னொரு மில்லிஆம்பியர். 500 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஆல்கலைன் பேட்டரி ஐம்பது மணி நேரத்தை ஒட்டித் தீர்ந்துபோவது பாட்டுக்காக அல்ல, இந்தச் சும்மா இருப்புக்காக. அதில் ஒரு பகுதி, வெளியீட்டு நிலையின் டிரான்சிஸ்டர்கள் கைமாறும் இடத்தில் திரிபு வராமல் காக்கிறது. அது தேவையான செலவு. குறைத்தால் திரிபு கூடும். ஆனால் திரிபுக்காகக் கொடுக்கும் மின்னோட்டத்தை இரைச்சலின் கணக்கில் எழுதிவிட்டு, ‘இரைச்சலுக்கு விலை பேட்டரி’ என்று சொல்வது சரியல்ல. செயல்திறன் மிக்க கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபையர் போட்டால் எல்லாம் தீரும் என்பவர்களுக்கும் இதே பதில்: ஒரு மைக்ரோவாட் தரும்போது செயல்திறன் எவ்வளவு என்பது பொருட்டே அல்ல, சும்மா இருக்கும்போது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஜூன் 9

மூன்று மடங்குக்கு இறங்கிய பிறகு, பெருக்கத்தைக் குறைக்கும் இலவச வழி தீர்ந்துவிடுகிறது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். அந்த 4.6 மைக்ரோவோல்ட்டில் இப்போதும் ஆப்-ஆம்பின் பங்கே பெரியது, வால்யூம் கன்ட்ரோல் அடுத்தது. இனி மின்னோட்டத்தைச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு, அதுவும் முதல் நிலையில் மட்டும். இன்னொரு வழியும் உண்டு. 2011-இல் என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் எழுதியவர் வெளியிட்ட ‘ஓ2’ ஆம்ப்ளிஃபையர், பெருக்கும் நிலையை முன்னே வைத்து வால்யூம் கன்ட்ரோலை அதற்குப் பின்னே தள்ளியது. கடைசியில் பெருக்காத பஃபர். ஒலியைக் குறைக்கும்போது முதல் நிலையின் இரைச்சலும் கூடவே குறைந்துவிடும். இதற்கும் விலை உண்டு. ஓ2-வின் வழக்கமான பெருக்கங்கள் 2.5, 6.5. இரண்டு வோல்ட் தரும் சிடி பிளேயரை 6.5 மடங்கில் இணைத்தால் முதல் நிலையிடம் 13 வோல்ட் கேட்கிறோம். உள்ளே இருக்கும் இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளால் அதைத் தர முடியாது, வால்யூமைக் குறைத்தாலும் வெட்டுப்பட்ட ஒலிதான் வரும். ஆகவே இந்த அமைப்பில் பெருக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை கேட்பவர் கைக்கு வருகிறது: எந்தப் பிளேயர், எந்த ஹெட்ஃபோன் என்று பார்த்து அந்தச் சுவிட்சைப் போட வேண்டும், பெரும்பாலும் கீழ்ப்பக்கமாக.