பாற்கடலில் ஒரு படகுப் பயணம்

நீர்நிலையைக் கண்டவிடத்துப் படகேற விரும்புவது மக்கள் இயல்பு. கரையில் நின்று காண்பதற்கும் நீர் நடுவே சென்று காண்பதற்கும் வேற்றுமை உண்டென்பது உண்மையே. ஆயின், கட்டணம் பெற்று நம்மை நீர்மேல் ஏற்றிச் செல்லும் படகுகள் யாவும் நமக்கு எதையேனும் காட்டிவிடுகின்றனவா? கண்டி வாவியிலே பெற்ற அநுபவம் என் உள்ளத்தில் இவ்வினாவை எழுப்பிற்று.

இயற்கை வகுத்த வாவியன்று அது. வயல் நிலமாய்க் கிடந்த இடத்தை, அணை கட்டி நீர்ப்பரப்பாக்கியவன் கண்டியின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1807ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று என்பர். தென்னாட்டு நாயக்கர் வழிவந்த அம்மன்னனின் இயற்பெயர் கண்ணுசாமி. 1798இல் இளமைப் பருவத்திலேயே அரியணை ஏறினான். வாவியைச் சிங்கள மக்கள் 'கிரி முகுத' என வழங்குவர். பாற்கடல் என்பது அதன் பொருள். திருப்பாற்கடல் என்னும் பெயரைக் குழந்தைப் பருவமுதல் கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு இப்பெயர் ஒன்றே போதும், உள்ளம் அங்கே சென்றுவிட!

விடுமுறையொன்றில் மாணாக்கர் பன்னிருவரோடும் பெற்றோர் நால்வரோடும் கண்டிக்குச் சென்றிருந்தேன். படகுத்துறையில் தொங்கிய பலகை, அரை மணி நேரம் வாவியைச் சுற்றிக் காட்டுவதாகவும், நடுவிலுள்ள தீவின் அருகே படகு நிற்குமெனவும் கூறிற்று. கட்டணம் சிறிதன்று. மாணாக்கருள் சிலருடைய தாய்மார் அன்றாடச் செலவிலே மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் அது என்பதை நான் அறிவேன்.

படகிலே முதல் இரு வரிசையினருக்கு மட்டும் உயிர்காப்பு அங்கிகள் கொடுக்கப்பட்டன. மற்றையோருக்கும் வேண்டுமென்று நான் வற்புறுத்தியபின், கிடங்கிலிருந்து சில கொண்டுவரப்பட்டன. அவற்றுட் பாதிக்கு வார்களே இல்லை. வார் உள்ளவை வந்து சேரும்வரை புறப்படோம் என்றோம். வந்தன, ஆயின் அந்தத் தாமதத்திற்குரிய காலம் எங்கள் பயணத்திலிருந்தே கழிக்கப்பட்டது.

இயந்திரம் முழங்கிற்று. அதனை மேற்கொள்ள வேண்டுமென்றோ என்னவோ, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டும் முழங்கிற்று. வெயிலுக்காகத் தொங்கவிட்ட பிளாஸ்டிக் திரை மங்கிப் போயிருந்தமையால், கரையிலே இருந்த மரமும் மதிலும் மாளிகையும் ஒரே பச்சைப் புகையாய்த் தோன்றின. தீவை நெருங்கினோம்.

"சேர், அந்தத் தீவில் என்ன இருந்தது?" என்று மாணவன் ஒருவன் உரத்த குரலில் கேட்டான். அதே வினாவைப் படகோட்டியிடம் சிங்களத்தில் கேட்டேன். அவ்விளைஞன் மரியாதையோடு புன்னகைத்து, துறையிலே காத்து நின்ற கூட்டத்தைக் கையாற் சுட்டிக் காட்டினான். படகு நிற்கவில்லை. அரை மணி நேரப் பயணம் 17 நிமிடத்தில் முடிந்தது.

படகோட்டியை நோதல் அறமன்று. நாளொன்றுக்கு இத்தனை சுற்று என்று அவனுக்கு விதித்திருப்பார்கள். வாவியின் வரலாற்றை அவனுக்கு எவரும் கற்பித்திரார். குறை, நீரை விற்கத் தெரிந்து இடத்தைக் காட்டத் தெரியாத ஏற்பாட்டினுடையது.

மறுநாட் காலை, படகு காட்டாதவற்றைக் காலால் நடந்து கண்டோம். வாவியைச் சுற்றிய பாதை மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்டது. தலதா மாளிகையை அடுத்து, நீருக்குள்ளே காலூன்றி நிற்கும் 'உல்பென்கே' அரசியர் நீராடிய மண்டபம். ஆங்கிலேயர் காலத்தில் அது நூல்நிலையமாயிற்று. நடுத்தீவைப்பற்றிச் செவிவழிக் கதைகள் பல. அரசமாதர் உலாவிய இடமென்பது அவற்றுள் ஒன்று. பின்னர் ஆங்கிலேயர் அங்கே வெடிமருந்தைச் சேமித்தனர். எதிர்க்கரையில் மல்வத்தை விகாரை. கரை மரங்களில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து வெயில் காய்ந்தன. கபரகொய்யா ஒன்று ஓசையின்றி நீந்திச் சென்றது. இயந்திர ஒலியற்ற அவ்வேளையில் வாவியே வேறொன்றாய்த் தோன்றிற்று.

கரையோரமாய் அலையலையாக எழுந்து தாழும் வெண்மதிலைச் சிங்களத்தில் 'வலாகுளு பெம்ம' என்பர். முகில் மதில் என்று பொருள்படும். விழாக்காலத்து இரவுகளில் விளக்கேற்றுதற்கென அதில் முக்கோண மாடங்கள் உள்ளன. முதல்நாள் வினவிய மாணவன் அம்மதிலின் ஓரமாகவே நடந்து சென்று, அது முடிவுறும் இடத்தில் நின்றுவிட்டான். "ஏன் சேர் சுற்றிவரக் கட்டவில்லை?" என்றான்.

கட்டுவித்தவன் அதனை முடிக்க இருக்கவில்லை. வாவிக்கும் மதிலுக்கும் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் மக்கள் வருந்தினர். பிரதானிகளின் மனக்கசப்பும் வளர்ந்தது. 1815ஆம் ஆண்டு பெப்ரவரியில் மன்னன் சிறைப்பட்டான். மார்ச்சு 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்ட அவன், 1832இல் அங்கேயே உயிர் நீத்தான். தான் அமைத்த பாற்கடலை அவன் மீண்டும் கண்டிலன். இதனைச் சொன்னபோது மாணாக்கர் ஒருவரும் பேசவில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாய் மனனம் செய்த 1815, மதிலின் முறிந்த ஓரமாய் அவர்கள் கண்முன் நின்றது.

படகுச் சேவை நடத்துவோர் பெரிதாக ஒன்றும் செய்யவேண்டியதில்லை. ஏறுவோர் ஒவ்வொருவருக்கும் வாருள்ள அங்கி, மும்மொழியிலும் அச்சிட்ட ஒரு தாள், தீவினருகே இயந்திரத்தை நிறுத்தி ஐந்து நிமிட அமைதி ஆகியன போதும். பலகையில் எழுதிய நேரத்தை முழுமையாகக் கொடுப்பது வாணிக நேர்மை. அதனைத் தனியே கேட்டுப் பெறவேண்டிய நிலை இருத்தலாகாது.

பெற்றோர்க்கு நான் கூறுவது இதுவே. கண்டிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வீர்களாயின், வெயில் ஏறுமுன் வாவியை ஒருமுறை நடந்து சுற்றிவாருங்கள். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. மதில் முடிவுறும் இடத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும். படகேறும் ஆசை அதன் பின்னும் இருந்தால், அங்கியின் வாரை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.