கடற்பசுவின் மேய்ச்சல் நிலம்

கடலிலும் பசு உண்டென்று நாம் வகுப்பிற் கூறியபோது மாணவர் சிலர் நகைத்தனர். மன்னார் வளைகுடாவிலும் பாக்கு விரிகுடாவிலும் வாழும் கடற்பசு மீனன்று, குட்டிக்குப் பாலூட்டும் விலங்கு, யானைக்கு உறவு. மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாகவேண்டும். வலையிற் சிக்கினால் மூச்சடைத்து மடியும். ஒரு குட்டி ஈன்ற தாய் மறுகுட்டி ஈன மூன்று முதல் ஏழு ஆண்டுகள் செல்லும்.

இதனைக் கொல்லலாகாதென்று சட்டமுண்டு. ஆனால் அது மேயும் கடற்புல்லை யார் காப்பது? கடலடியை வாரிச்செல்லும் இழுவைமடி அப்புல்லை வேரோடு பெயர்க்கின்றது. அதனிடையே ஒதுங்கி வளரும் இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் உடன் அழிகின்றன. ஆகவே இது கரையோர மக்களின் அடுப்பையும் தொடும் கேடு.

இலங்கை 2017ஆம் ஆண்டில் இழுவைமடியைத் தடைசெய்தது. தமிழ்நாடு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக்கியது. ஆயினும் அக்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் நம் வடகடலில் நின்றபாடில்லை. அவற்றில் வேலைசெய்வோரும் தமிழரே, வயிற்றுப்பாட்டுக்கு வருவோரே. கடிந்தெழுத மனம் கூசுகின்றது. ஆனால் பெயர்க்கப்பட்ட புற்றரை மீண்டும் தழைக்க ஆண்டுகள் பல வேண்டும். அதுவரை அவ்விலங்கு எதனை மேயும்?