ஆபரேஷன் தியேட்டர் கதவை ஏன் சாத்தியே வைக்கிறோம்? (த்ரெட்)

நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர். ஆபரேஷன் செய்வது சர்ஜன். வாசலில் நின்று உறவினர்களுக்குப் பதில் சொல்வது பெரும்பாலும் நான்தான். அங்கே நான் அதிகம் திட்டு வாங்குவது ரெண்டு விஷயத்துக்கு. "ஏன் உள்ளே விட மாட்டேங்கிறீங்க?" இன்னொன்று, "ஏன் தள்ளிப் போட்டீங்க?" ரெண்டுக்கும் பதில் ஒன்றுதான். காத்து.

கத்தி, கத்தரி எல்லாம் ஆட்டோகிளேவில் சுத்தமாகி வருது. நோயாளியின் தோலைக் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறோம். அதுக்கப்புறமும் காத்தில் கிருமி எங்கிருந்து வருது தெரியுமா? உள்ளே நிற்கிற எங்ககிட்ட இருந்துதான்.

மனுஷத் தோல் சதா உதிர்ந்துகிட்டே இருக்கும். நடமாடினா நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான துகள்கள். அதில் ஒரு பகுதி பாக்டீரியாவைச் சுமந்துகிட்டுப் பறக்கும். குளிச்சிட்டு வந்தாலும் இதே கதைதான். ஒரு ஆள் கூடினா அவ்வளவு துகளும் கூடும்.

இதைச் சமாளிக்கத்தான் தியேட்டருக்குன்னு தனி ஏசி அமைப்பு. ஹெப்பா ஃபில்டரில் வடிகட்டின காத்து கூரையிலிருந்து இறங்கும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தை அந்த ஃபில்டர் பிடிச்சிடும். மணிக்குக் குறைஞ்சது 20 தடவை அறையின் காத்து மாறணும், அதில் 4 தடவை புதுக் காத்தா இருக்கணும் என்கிறது என்ஏபிஹெச் வழிகாட்டுதல். வீட்டு ஸ்பிளிட் ஏசி அறைக்குள்ள இருக்கிற காத்தையே சுத்திச் சுத்தி விடும். அது இங்கே உதவாது.

இன்னொன்று அழுத்தம். தியேட்டருக்குள் காத்தழுத்தம் வராண்டாவை விடக் கொஞ்சம் கூடுதல். அதனால கதவிடுக்கு வழியா காத்து வெளியே போகுமே தவிர உள்ளே வராது. கதவைத் திறந்து போட்டா அந்த வித்தியாசம் காலி.

1960களில் இங்கிலாந்தில் இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையை வளர்த்தெடுத்த ஜான் சார்ன்லி, தியேட்டர் காத்தைச் சுத்தம் செய்வதில் பிடிவாதமா இருந்தார். பத்து வருஷத்தில் 7 சதவீதம் இருந்த தொற்று 1 சதவீதத்துக்கும் கீழே வந்தது. காத்து மட்டுமே காரணம் இல்லைன்னு அவரே சொன்னார். 2016இல் உலக சுகாதார நிறுவனமும், மூட்டு மாற்று சிகிச்சையில் தொற்றைக் குறைக்க விலை அதிகமான லேமினார் ஃப்ளோ அமைப்பு வேண்டாம்னு பரிந்துரைத்தது. மெஷின் மட்டும் காப்பாத்தாது. ஆள் நடமாட்டமும் குறையணும்.

ஒருமுறை எங்க தியேட்டர் ஏசி பழுது. அவசர கேஸ்களை வேற தியேட்டருக்கு மாத்தினோம். குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த சுமை தூக்கும் தொழிலாளி ஒருத்தரைத் தள்ளிப் போட வேண்டியதாச்சு. முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி. கூட வந்த மகனுக்கு ஒரு நாள் கூலி போச்சு.

"ஏன் சார், ஃபேன் போட்டுப் பண்ணுங்களேன். வேர்வையைப் பொறுத்துக்க மாட்டீங்களா?"ன்னு கேட்டார். நியாயமான கோபம். "அண்ணே, ஏசி எங்களுக்குக் குளிர இல்ல. உங்க வயித்துக்குள்ள வலை வைக்கிறோம். அதில் கிருமி ஏறினா மாத்திரையில் அடங்காமப் போகலாம், வலையையே எடுக்க வேண்டி வரலாம். அப்புறம் மாசக்கணக்கில் மூட்டை தூக்க முடியாது"ன்னேன். முணுமுணுத்துக்கிட்டேதான் போனார். நாலாம் நாள் ஏசி சரியாகி, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். உள்ளே விடச் சொல்லி சிபாரிசு பிடிக்காதீங்க. எங்க ஜூனியர்களுக்கும் சொல்றேன்: வேடிக்கை பார்க்கவும் செல்போன் பேசவும் தியேட்டர் கதவைத் திறக்காதீங்க. தள்ளிப் போட்டா, "ரிப்பேர் எப்போ முடியும்?"னு நிர்வாகத்தைக் கேளுங்க. நாங்க பத்துத் தடவை எழுதிக் கேட்பதை விட, நீங்க ஒரு தடவை கேட்டா சீக்கிரம் நடக்கும்.